தாய்க்கும் ஒரு கதவு

சென்ற மாதம் பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி எழுதியிருந்தேன். கணவர் இரவில் எழுந்து பிள்ளையைத் தூக்க வேண்டும், அம்மாவும் மாமியாரும் குறை சொல்லாமல் உதவ வேண்டும் என்றெல்லாம் யோசனை சொல்லியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர் புலனத்தில் இப்படிக் கேட்டிருந்தார்: "இதெல்லாம் ஆள் இருக்கிற வீட்டுக்கு. வீடே இல்லாதவள் என்ன செய்வாள்?"

பல ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடுதான் என் பாதி நாள் கழிகிறது. இருந்தும் இந்தப் பத்தியில் இதுவரை அதைத் தொட்டதில்லை. எழுதினால் நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் 28 ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான். வார்டில் எங்களுக்குப் பிடித்த நேரம், தாய்மார்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். அப்பா கையில் பை, பாட்டி கையில் பிள்ளை, பின்னால் பலூனோடு ஒரு சித்தி. 2004 என்று நினைவு. இருபது, இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்திக்குக் காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. கட்டிலும் வேறொருவருக்குப் போய்விட்டது. மதியம் வேலை முடிந்து நான் கீழே இறங்கியபோது, மின்தூக்கிக்குப் பக்கத்து நாற்காலியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா அழைச்சிட்டுப் போக வர்றாங்க?"

"வருவாங்க மிஸி."

யாரும் வரப்போவதில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஆனால் என் மகனைப் பள்ளியிலிருந்து ஏற்ற வேண்டும். போய்விட்டேன். மறுநாள் பாதுகாவலரிடம் கேட்டேன். இரவு ஒன்பது மணிவரை அங்கேயே இருந்தாளாம். அதன்பிறகு எங்கே போனாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

பணி ஓய்வு பெற்ற மறு மாதம் எங்கள் பங்குத் தந்தையிடம் போய் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கிள்ளான் பக்கம் இருக்கும் எங்கள் ஆலயத்துக்குப் பின்னால், முன்பு ஞானோபதேசியார் குடியிருந்த பழைய வீடு ஒன்று கறையான் அரித்துப் பூட்டிக் கிடந்தது. "அதைக் கொடுங்க ஃபாதர்" என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு பழைய கதையைச் சொன்னார்.

1854-இல் குழந்தை இயேசு சபைக் கன்னியர்கள் சிங்கப்பூர் விக்டோரியா தெருவில் ஒரு கான்வெண்டைத் தொடங்கினார்கள். இன்று சைம்ஸ் என்ற பெயரில் உணவகங்களும் கல்யாண மண்டபமுமாக இருக்கிறதே, அதே இடம்தான். அதன் மதிலில் ஒரு சிறு வாசல் உண்டு. வளர்க்க முடியாத குழந்தைகளை அந்த வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கன்னியர்கள் எடுத்து வளர்த்தார்கள். 'நம்பிக்கை வாசல்' என்று அதற்குப் பெயர்.

"நூறு வருஷத்துக்கு மேல திருச்சபை பிள்ளையைத்தான் உள்ளே எடுத்துச்சு. விட்டுட்டுப் போன அம்மா எந்தப் பக்கம் நடந்து போனாள்னு எந்தப் புத்தகத்திலும் இல்லை" என்றார் ஃபாதர்.

நான் 2010-ஐ நினைத்துக்கொண்டேன். நாளிதழைத் திறந்தாலே குப்பைத் தொட்டியிலும் கழிவறையிலும் சிசுக்கள் கிடந்த செய்திகள். அந்த ஆண்டுதான் ஆர்ஃபன்கேர் அறக்கட்டளை பெட்டாலிங் ஜெயாவில் 'பேபி ஹேட்ச்' எனப்படும் குழந்தைப் பெட்டகத்தைத் திறந்தது. சிறு கதவைத் திறந்து உள்ளே பிள்ளையைக் கிடத்திவிட்டுப் போய்விடலாம். தாய் யாரென்று யாரும் பார்க்க மாட்டார்கள். மதிக்க வேண்டிய பணி. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைவிட்டால் தண்டனைச் சட்டத்தின் 317-ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை கிடைக்கும் நாட்டில், அந்தக் கதவு சில உயிர்களையாவது காத்திருக்கும். ஆனால் அதுவும் பிள்ளை நுழையும் அளவுக் கதவுதான். தாய் நுழையும் அளவில் ஒரு கதவு வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதைச் சொன்னதும் அறை அமைதியாகிவிட்டது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். "ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகள் வர்ற இடம்." "தப்பை ஊக்குவிக்கிற மாதிரி ஆகாதா?" "அந்தப் பெண்களைத் தேடி ஆம்பிளைங்க வந்தா என்ன செய்யறது?" கடைசிக் கேள்வி நியாயமானது. மற்றவற்றுக்கு எனக்குப் பதில் வரவில்லை.

பின் வரிசையில் இருந்த பாட்டி எழுந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். ஜெபமாலைக் கூட்டத்துக்கு வருவார், போவார். அதிகம் பேசி யாரும் கேட்டதில்லை.

"எங்க அக்கா 1961-ல தோட்டத்துக் கிணத்துல விழுந்து செத்தாள். கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லி அடக்கம் பண்ணினோம். எனக்கு அப்ப பதினாறு வயசு. முதல் நாள் ராத்திரி எங்கப்பா அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாரு. அவ வயித்துல நாலு மாசம். நானும் அம்மாவும் உள்ளேதான் இருந்தோம்."

அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாக்கெடுப்பு நடக்கவில்லை. வீட்டுச் சாவியை ஃபாதர் மறுநாள் என் கையில் கொடுத்தார்.

சாவி கிடைத்த பிறகுதான் வேலையே ஆரம்பம். இளைஞர்கள் சிலர் இதுபோலச் செய்ய ஆசைப்படுவதாக எழுதுகிறீர்கள். உங்களுக்காக இதைச் சொல்கிறேன். நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கிப் பராமரிப்புப் பெறும் இடமென்றால், 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். அதற்குமுன் நகராண்மைக் கழகம், சுகாதார இலாகா, தீயணைப்புப் படை ஆகியவற்றின் ஒப்புதலும் வேண்டும். எங்களுக்குப் பதினொரு மாதம் பிடித்தது. திருட்டுப் பயத்தில் எல்லாச் சன்னலுக்கும் கம்பி அடித்திருந்தோம். பார்வையிட வந்த பொம்பா அதிகாரி, "தீப்பிடித்தால் எட்டு மாதக் கர்ப்பிணி எந்த வழியாக வெளியே வருவாள்?" என்று கேட்டார். உள்ளிருந்து திறக்கும்படி கம்பியை வெட்டி மாற்றினோம். அந்த அதிகாரிக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

பணம் ஞாயிறு காணிக்கையிலிருந்தும், தீபாவளிக்கு முறுக்கு விற்றும் வந்தது. தாமான்வாசிகள் சிலர் எதிர்ப்புக் கடிதம் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினோம். 2017-இல் ஆறு கட்டில்களோடு வீட்டைத் திறந்தோம். வாசலில் பெயர்ப்பலகை வைக்கவில்லை. இன்றும் இல்லை. உள்ளே இருப்பவர்களில் சிலரை யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் கேட்ட அந்த நியாயமான கேள்விக்கு அதுதான் எங்களால் முடிந்த பதில்.

வரப்போவது காதலில் ஏமாந்த கல்லூரி மாணவிகள்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். முதலில் வந்தவருக்கு வயது 31. கையில் நான்கு வயது மகன், வயிற்றில் ஏழு மாதம். கணவன் அடித்ததில் வீட்டைவிட்டு ஓடிவந்து, மூன்று இரவுகள் 24 மணி நேர டோபிக் கடையில் துணி துவைக்க வந்தவர் போல உட்கார்ந்தே கழித்திருக்கிறார். கோயிலில் தாலி கட்டிய கல்யாணம். பதிவு செய்யவே இல்லை. நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை, 1982-இல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி பதிந்தால்தான் அது சட்டப்படி திருமணம். ஐந்து வருடம் மனைவியாக இருந்தவர், சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை. அவருக்கு அன்றுதான் அது தெரியும்.

அடுத்து வந்தவர்களில் ஒருத்தி தொழிற்சாலை விடுதியில் இருந்தவள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் வேலையும் போனது, படுக்கையும் போனது. இன்னொருத்தி பெற்றோர் இறந்து சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். ஆளுக்கு ஆள் கதை வேறு. ஒன்று மட்டும் பொது. கர்ப்பமாவதற்கு முன்பே அவர்களுக்குப் போக ஓர் இடம் குறைவாகத்தான் இருந்தது. வயிற்றில் பிள்ளை வந்ததும் இருந்த ஒன்றும் போய்விட்டது.

இப்போது என் தவறு. திறந்து இரண்டு மாதம் இருக்கும். பத்தொன்பது வயதுப் பெண்ணை இரவு எட்டு மணிக்கு ஓர் இ-ஹெய்லிங் ஓட்டுநர் கொண்டுவந்து விட்டார். ஆறு மாதம் இருக்கும் என்று பார்வையிலேயே தெரிந்தது. இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருந்தது. ரத்தசோகை. கிளினிக்குக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. சோறு போட்டேன். குளிக்க வெந்நீர் வைத்தேன். கட்டிலில் உட்கார வைத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டேன்: "யாரும்மா காரணம்? அவன் பேரைச் சொல்லு. வீட்டில பேசலாம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை என் கையிலிருந்து வாங்கித் தானே துவட்டிக்கொண்டாள். காலை ஐந்தரைக்குக் காப்பி போட எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

நான்கு நாள் தேடினோம். பேருந்து நிலையம், இரவுச் சந்தை, டோபிக் கடைகள். கிடைக்கவில்லை. கேட்டது தவறான எண்ணத்தில் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் 28 ஆண்டுகள் தாதியாக இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்ல முடியாத வீடு என்றால், அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். "வீட்டில பேசலாம்" என்ற என் ஆறுதல் அவளுக்கு மிரட்டலாகக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, மருத்துவமனையில் எனக்குப் பழக்கமான ஒரு சமூகப் பணியாளர் ஒரே ஒரு செய்தி சொன்னார். பிரசவம் ஆகிவிட்டது, இரண்டு உயிரும் நலம். அதற்குமேல் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. நானும் கேட்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி. முதல் மூன்று நாள் நாங்கள் கேட்பது உடம்பைப் பற்றி மட்டும்தான். வயது என்ன, வலி உண்டா, ரத்தப்போக்கு உண்டா, பிள்ளை அசைகிறதா, சாப்பிட்டாயா. வயதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பதினாறுக்குக் கீழே என்றால் சட்டப்படி அது பாலியல் வல்லுறவு. சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போலீஸ் புகாரும் சமூக நல இலாகாவும் உடனே வர வேண்டும். அதையும் அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மற்ற கதையெல்லாம் அவளாகச் சொல்லும்போதுதான். சிலர் மூன்றாம் வாரம் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வார்கள். சிலர் கடைசிவரை சொல்வதில்லை. அவர்களும் நன்றாகத்தான் பிள்ளை பெற்றுப் போயிருக்கிறார்கள்.

நான்காம் நாள் கிளினிக். தாய்மார்களின் இளஞ்சிவப்புப் புத்தகம் உங்களில் பலரிடம் இருக்கும். எங்கள் பெண்களுக்கு அந்தப் புத்தகம் கிடைப்பதே பெரிய விஷயம். அதன்மேல் ஒட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் ஆபத்தின் அளவைச் சொல்பவை. வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. புத்தகமே இல்லாமல் வலியோடு வந்து விழும் பெண்ணுக்கு எந்த நிறம் என்று யாருக்கும் தெரியாது. ரத்த வகைகூடத் தெரியாது. வார்டில் நாங்கள் பயந்தது அப்படிப்பட்ட பிரசவங்களுக்குத்தான்.

பிள்ளை பிறந்த பிறகு பத்திரம். திருமணப் பதிவு இல்லாத தாயின் பிள்ளைக்கு, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் ஏறும். ஏறாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. தாய் மலேசியர் என்றால், இங்கே பிறந்த பிள்ளையும் மலேசியர். ஆனால் பதியாமல் விட்டால் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து அடையாள அட்டைவரை எல்லாமே சிக்கல்.

இங்கே குடும்பங்களுக்கு ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். "எங்களுக்குத் தெரிந்த நல்ல குடும்பம் ஒன்று இருக்கு, பேசாமல் கொடுத்திடலாம்" என்று மருத்துவமனை வாசலிலேயே பிள்ளையைக் கை மாற்றாதீர்கள். வளர்க்கப்போகிறவர் பெயரிலேயே பிறப்பை மாற்றிப் பதிவது குற்றம். பதியாமலே வளர்த்தால் பிள்ளை நாடற்றவளாக நிற்பாள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தின் வழியே முறையாகச் செய்யலாம். வளர்ப்பதா, தத்துக் கொடுப்பதா என்பது தாயின் முடிவு. எங்கள் வீட்டில் யாரும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுவதில்லை. பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போன பெண்ணுக்கும் நாற்பது நாள் பத்தியச் சாப்பாடு உண்டு.

"ஆலயம் நடத்துவது என்றால் மதம் மாற்றுவீர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஜெபத்துக்கு வரச் சொல்லி யாரையும் அழைப்பதில்லை. முஸ்லிம் பெண் வந்தால் சாப்பாடு கொடுத்து, அன்றே சமூக நல இலாகாவுக்குத் தெரிவித்து, அவர்களுக்கான இல்லத்துக்கு வழி செய்கிறோம். இந்துப் பெண் ஒருத்தி அறையில் அம்மன் படம் வைத்து விளக்கேற்ற அனுமதி கேட்டாள். படத்துக்குத் தடையில்லை என்றார் ஃபாதர். விளக்குக்கு மட்டும் தடை. அது மத விதி இல்லை, பொம்பா விதி. கடைசியில் பேட்டரியில் எரியும் விளக்கொன்றை அவரே இரவுச் சந்தையில் வாங்கிவந்து கொடுத்தார்.

எனக்கு மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. "எனக்கெல்லாம் யாரு வளையல் போடப் போறாங்க" என்று ஒரு பெண் சும்மாச் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு, கூட்டத்தில் "தப்பை ஊக்குவிக்கிற மாதிரி ஆகாதா" என்று கேட்ட அதே அம்மா, கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கிவந்தார். ஏழு பேர் சேர்ந்து ஐந்து வகைச் சோறு ஆக்கினார்கள். வளையல் போட்டுவிடும்போது அந்த அம்மாவின் கை நடுங்கியது. கிணற்றில் விழுந்த அக்காவின் தங்கை, அந்தப் பாட்டி, கடைசியாக வந்து இரண்டு வளையல் போட்டார். ஒன்றும் பேசவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும், அது இரண்டாவது வீடுதான். ராத்திரி படுக்கும்போது அந்தப் பெண்கள் நினைப்பது அவரவர் அம்மாவைத்தான். எங்கள் ஆறு கட்டிலும் காலியாகக் கிடந்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. அது எங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது. மகள் வந்து சொல்லும் அந்த முதல் அரை மணி நேரத்தில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. கோபம் வரும். அழுகை வரும். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வரும். வரட்டும். கதவை மட்டும் சாத்தாதீர்கள். கேள்விகளை நாளைக்குக் கேட்கலாம்.

யாருமில்லாமல் நிற்கும் பெண்ணை நீங்கள் பார்த்தால், 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அதற்குமுன் அவளுக்கு ஒரு மைலோ வாங்கிக் கொடுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வாசல் கேட்டுக்கு வெளியே ஒருவர் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். லாரி ஓட்டுநர் சட்டை. கையில் பால்மாவு டின். எங்கள் வீட்டிலிருந்த ஒரு பெண்ணின் அப்பா. அவளை அனுப்பியதே அவர்தான். அவள் சம்மதத்தோடு அவளுடைய அத்தைக்கு நாங்கள் பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்லியிருந்தோம். நான் போய் நின்றதும் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உள்ளே வரலாமா, மிஸி?"

மகளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். உள்ளே போய்க் கேட்டேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

பிறகு, "அப்பா சாப்பிட்டாரான்னு கேளுங்க" என்றாள்.